எண்ணெய்த் தலைகளும் இருபத்திரண்டு தொப்பிகளும்

போன ஞாயிறு நம் பின்னல் குழுவுக்குப் புதிதாக வந்தவர் என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல எதுதான் முடிஞ்சிருக்குக்கா?" என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். உங்கள் பைகளும் பக்கத்தில்தான் கிடந்தன. அவற்றை அவர் திறக்கவில்லை, அவ்வளவுதான். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் இதே கேள்வியை முதல் தடவை ஒருவர் என்னிடம் கேட்டபோது எனக்குப் பதினொரு வயது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. அந்த மழைக்காலத்தைப் பற்றி எழுதுகிறேன். நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள், டெலிபோனுக்கு உறை தைத்துப் போட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள். அதனால் நிறைய விஷயங்களை விளக்க வேண்டியிருக்காது.

அன்றைய குழு டீச்சர் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடும். டீச்சர் நாசரேத்துக்காரர். பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவரையும் சேர்த்துப் பத்துப் பெண்கள். பாதிப் பேர் கடற்கரைத் தெருக்களிலிருந்து வந்தவர்கள், புருஷனோ அண்ணனோ கப்பலில் இருப்பவர்கள். அம்மா அவர்களில் ஒருத்தி. ஜவுளிக்கடைக்காரர் மனைவி ஒருவரும் உண்டு. நான் கடை அத்தை என்று கூப்பிடுவேன். நூல் வாங்கி வருவதும் எல்லோரையும் சிரிக்க வைப்பதும் அவர் பொறுப்பு.

தூத்துக்குடி வெயிலில் கம்பளி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்கில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் துறைமுகத்தில் நிற்கிற ஏதாவது ஒரு கப்பலைத் தேர்ந்து, அதில் இருக்கிற ஆட்களுக்குத் தலைக்கொரு கம்பளித் தொப்பி பின்னிக் கொடுப்பது அந்தக் குழுவின் வழக்கம். இங்கிருந்து கிளம்புகிறவர்கள் பதினைந்து நாளில் பனி பெய்கிற ஏதோ ஒரு துறையில் நிற்பார்கள். மாலுமிகள் இல்லத்து வேன் வந்து தொப்பிகளை வாங்கிக்கொண்டு போகும்.

மழைக்கு முந்திய புழுக்கத்தில் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அடைகாப்பதைப் போல இருக்கும். விசிறியை வேகமாக வைத்தால் நூல்பிசிறு பறந்து மூக்கில் ஏறும், அதனால் அது சும்மா பேருக்குச் சுற்றும். உள்ளங்கை வியர்த்தால் நூல் ஊசியில் நகராது. நடுவில் ஒரு தாம்பாளத்தில் பவுடர் கொட்டி வைத்திருப்பார்கள். பேசிக்கொண்டே கையை அதில் தோய்த்து எடுப்பார்கள். பவுடர் வாசம், பாச்சை உருண்டை வாசம், உப்பு லாரி போகும்போது வருகிற புழுதி, தூரத்தில் கப்பல் சங்கு. இப்போதும் புதுக் கம்பளியை முகர்ந்தால் எனக்கு முதலில் பவுடர்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த அறையில் ஒரு விதி இருந்தது. பின்னிய தொப்பியை யாரும் தலையில் போட்டுப் பார்க்கக் கூடாது. காரணம் எண்ணெய். பத்துப் பேர் தலையிலும் தேங்காய் எண்ணெய், காலையில் வழிய வழிய வாரிப் பின்னியது. எப்போதோ ஒரு வருடம் யாரோ ஆசைப்பட்டுப் போட்டுப் பார்த்து, சாம்பல் நிறத் தொப்பியில் வட்டமாகக் கறை விழுந்து, எத்தனை அலசியும் போகவில்லையாம். அதிலிருந்து தலை கிடையாது, தாள் மட்டும்தான். டீச்சரிடம் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தட்டச்சுத் தாள் இருந்தது. அதில் முதல் வரி: நூறு கண்ணி போடவும்.

ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் நாங்கள் கண்ணி என்போம். வலை பின்னுகிற வீடுகளிலிருந்து வந்தவர்களின் சொல் அது, மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

அம்மா என்னை அங்கே கூட்டிப் போனது வீட்டில் தனியாக விட முடியாததால்தான். அப்பா சித்திரையில் கப்பல் ஏறியிருந்தார். முதல் மூன்று வாரம் நூல்கட்டைப் பிரித்துப் பந்து சுற்றினேன். நான்காவது வாரம் கடை அத்தை ஒரு ஜோடி ஊசியை என் மடியில் போட்டு, "எங்க வாயையே பாத்துக்கிட்டு இருக்காளே, இந்தாளா, நீயும் பின்னு" என்றார். எங்கள் பக்கத்தில் சிறுமிகளைக் கூப்பிட 'ளா' போடுவார்கள். ஆடி மாதத்துக்குள் அவர்கள் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவதை நிறுத்திவிட்டார்கள். காப்பி டம்ளர் பதினொன்றாக வந்தது. பள்ளியில் எந்தக் கூட்டத்திலும் நான் எண்ணிக்கையில் வந்ததில்லை. சனிக்கிழமைக்காக நான் வெள்ளிக்கிழமையே உயிரோடு இருக்க ஆரம்பித்தேன்.

இனி என் பை. ஒரு நாற்பது பக்க நோட்டில் 'முடியாதவை' என்று தலைப்பிட்டு எழுதி வைத்திருந்தேன். அப்பாவுக்குக் கருநீல மப்ளர், ஒன்றரை அடி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு சாக்ஸ், ஒன்று மட்டும். டெலிபோன் உறை, டயல் வருகிற இடத்தில் துளை எப்படி விடுவது என்று தெரியாமல் நின்றது. பொம்மைக்கு ஸ்வெட்டர், கை இல்லாமல். மாலுமித் தொப்பி, நான்கு அங்குலம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நூல் எது, ஊசி எண் என்ன, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று குறிப்பு. ஊசி போதாதபோது ஒன்றின் கண்ணிகளை விளக்குமாற்று ஈர்க்கில் மாற்றி நிறுத்திவிட்டு அந்த ஊசியில் இன்னொன்றைத் தொடங்குவேன். ஒரு பொருள் எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. தெரிந்துவிட்டால் அவசரம் போய்விடும். நான் இப்போது அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். அப்போது அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

அந்த வருடம் வழக்கமான நூல் கிடைக்கவில்லை. கடை அத்தை மதுரையிலிருந்து வேறு நூல் வரவழைத்தார். கொஞ்சம் தடிமன், தொட்டால் மெத்தென்று இருக்கும். எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. "கை வேகமா போகுதுல்லா" என்று சொல்லிக்கொண்டே நூறு நூறாகக் கண்ணி போட்டார்கள். அந்தக் கப்பலில் இருபத்திரண்டு பேர்.

எனக்கு விஷயம் தெரிந்தது மப்ளரால். பழைய நூல் தீர்ந்து, அதே நாற்பது கண்ணியில் புது நூலை ஒட்டிப் பின்னினேன். ஒரு வாரத்தில் அது எலியை விழுங்கிய பாம்பைப் போல ஆகிவிட்டது. எட்டு அங்குல அகலம் பத்தாகியிருந்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், நோட்டைப் பார்த்தேன், புது நூலில் தொடங்கிய தொப்பியையும் அளந்தேன். பிறகு, குழந்தைகள் செய்கிற தப்பைச் செய்தேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"டீச்சர், இந்த நூலுக்கு நூறு கண்ணி கூடுதல். பழைய நூல்ல ஒரு அங்குலத்துக்கு அஞ்சு வரும். இதுல நாலுதான் வருது. தொப்பி இருபதுக்குப் பதிலா இருபத்தஞ்சு அங்குலம் வந்துரும்."

டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ எத்தன தொப்பி முடிச்சிருக்க?"

"முடிக்கல டீச்சர்."

"சாக்ஸ்?"

"ஒண்ணு."

"அடுத்த காலு வெறுங்காலா?" என்றார் கடை அத்தை. எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர.

டீச்சர் என் பையை வாங்கி ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தார். பாம்பு மப்ளர், ஒற்றை சாக்ஸ், ஈர்க்கில் தொங்கிய டெலிபோன் உறை. "இதுல எது முடிஞ்சிருக்கு, சொல்லு?" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் மோசம். "எத்தனையோ வருசமா இந்தத் தாளப் பாத்துத்தான் பின்னுதோம். ஒரு வேலையக்கூட முடிக்காதவ தாளத் திருத்த வாரா. அடுத்த சனிக்கிழமை ஒரு தொப்பி முழுசா முடிச்சுக் கொண்டுட்டு வா. இல்லாட்டி வரவேண்டாம். இங்க முடிக்கிறவங்களுக்குத்தான் இடம்."

அம்மா என்னை நேராக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கதவைத் திறந்ததும், "பத்துப் பேர் முன்னால என்னத் தல குனிய வச்சிட்டியேளா. சனிக்கிழம மூணு மணிக்கு டியூஷன் இருக்குன்னு சொன்னாங்க. அங்கன சேத்துவிடுதேன்" என்றாள்.

டீச்சர் ஏன் அப்படிப் பேசினார் என்று எனக்கு அப்போது தெரியாது. பல வருடம் கழித்து அம்மாதான் சொன்னாள். அதற்கு முந்தின டிசம்பரில் முப்பது பேருக்கு வாக்குக் கொடுத்து, பத்தொன்பது தொப்பிதான் முடிந்திருக்கிறது. எல்லோர் கையிலும் பேரனுக்கு ஸ்வெட்டர், சர்ச் பீடத்துக்கு விரிப்பு என்று நாலைந்து வேலை இருந்ததாம். மாலுமிகள் இல்லத்தில் டீச்சர்தான் நின்று கொடுத்தார். தொப்பி தீர்ந்த பிறகும் வரிசையில் பதினொரு பேர் நின்றார்கள். அவர்கள் பரவாயில்லை என்று கைகூப்பிவிட்டுப் போனார்கள். டீச்சர் அங்கே வைத்த கேக்கைத் தொடாமல் வந்துவிட்டார். என் பையைப் பார்த்தபோது அவர் பார்த்தது அந்தப் பதினொரு பேரை. இது தெரியாமல் நான் அவரை ரொம்ப நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏதோ ஒரு துறையிலிருந்து போன் செய்தார். அம்மா என் குற்றங்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ரிசீவரைக் கொடுத்தாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தொப்பி பெருசா இருந்தா என்னப்பா ஆகும்?"

"டெக்ல அடிக்கிற காத்துக்கு லூசுத் தொப்பி நிக்குமாளா? பறந்து கடலுக்குப் போயிரும். பறக்காட்டா கண்ணுக்கு இறங்கும். ஏணியில நிக்கும்போது கண்ண மறைச்சா ஆள் என்ன ஆவான்?"

"அப்ப அத என்ன செய்வாங்க?"

"தூரப் போட மனசு வராதுல்லா. ஆசையா குடுத்தாங்களேன்னு பெட்டிக்குள்ள வச்சிக்கிடுவான். எங்கிட்டயே ஒண்ணு கிடக்கு." அப்பா சிரித்தார். "தலைக்குத் துண்டுதான் கட்டிக்கிடுதேன்."

அந்த இரவு சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். நூறு கண்ணி போட்டால் டீச்சர் ஏற்றுக்கொள்வார், சனிக்கிழமைகள் எனக்கு இருக்கும். எண்பது போட்டால் ஒரு மாலுமிக்குத் தொப்பி இருக்கும், எனக்கு டியூஷன் இருக்கும். இரண்டையும் நோட்டில் நேருக்கு நேர் எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் பெட்டிக்குள் மடித்து வைத்த தொப்பி கண்ணில் பட்டது. பாதியில் நின்ற அந்தத் தொப்பியை அவிழ்த்து எண்பது போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி ஆட்டோவில் வரும்போது, அப்பா வாங்கி வந்த மூங்கில் ஊசி ஜோடியில் ஒன்று மழைத்தண்ணீரில் விழுந்து போயிற்று. தேன் நிறத்தில், மேல்முனையில் ஒரு குட்டி மணியோடு இருந்த ஊசி. ஆட்டோக்கார மாமா இறங்கி முழங்கால் தண்ணீரில் துழாவிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அழுதுகொண்டே மப்ளர் நின்ற ஊசிகளை எடுத்துத் தொப்பியைத் தொடர்ந்தேன். வெள்ளிக்கிழமை, பள்ளிக்குப் போகும் முன், உச்சியில் கண்ணிகளைச் சுருக்கி நூலை உள்ளே இழுத்து முடிச்சுப் போட்டேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக முடித்த பொருள்.

சனிக்கிழமை மழை. டீச்சர் வீட்டு மேஜையில் இருபத்தொரு தொப்பிகள் அடுக்கியிருந்தன, கருநீலமும் பழுப்பும். டீச்சர் என் தொப்பியை வாங்கித் தன்னுடையதன் மேல் வைத்தார். அகலத்தில் இரண்டு விரற்கடை அளவு குறைந்தது.

"பாலகனுக்குப் பின்னிருக்கா போலிருக்கு. கிறிஸ்மஸ் குடில்ல வச்சிரலாம்" என்றார் கடை அத்தை.

டீச்சர் கண்ணிகளை எண்ணினார். "எண்பது. முடிச்சிட்ட, சந்தோசம். ஆனா தாள்ல உள்ளபடி இல்லியே. இத இருபத்திரண்டோட சேக்க முடியாதுளா." பிறகு அம்மாவைப் பார்த்து, "நமக்கு ஒரு தொப்பி குறையுது. யாராவது ரெண்டு நாளுல பின்னணும்" என்றார். அம்மா என் கையைப் பிடித்தாள். கூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறாள் என்று தெரிந்தது.

அப்போதுதான் வாசலில் வேன் வந்து நின்றது. மாலுமிகள் இல்லத்து வண்டிக்கார அண்ணாச்சி துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "கப்பலு வியாழக்கிழமை காலையில கிளம்புதாம் டீச்சர். புதன்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கிடட்டுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

நான் அவர் தலையைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. காதோரம்கூட ஒரு முடி கிடையாது.

"டீச்சர், அண்ணாச்சி தலையில எண்ணெ கிடையாது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "அண்ணாச்சி போட்டுப் பாக்கட்டும். உங்க தொப்பி சரியா இருந்தா நான் இனிமே இங்கன வரல."

அம்மா, "ஏளா, வாய மூடு" என்றாள். டீச்சர் தன் தொப்பியைக் கையில் எடுத்தார். பிறகு அண்ணாச்சியிடம், "தலைய நல்லாத் துவட்டுங்க" என்றார்.

"எனக்கா தொப்பி? இந்த ஊர் வெயிலுக்கா?" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி குனிந்தார். டீச்சர் தன் கையாலேயே தன் தொப்பியைப் போட்டுவிட்டார். அது நெற்றியில் நிற்கவில்லை. புருவத்தைத் தாண்டி மெதுவாக இறங்கிக் கண்ணை மூடியது.

"கரண்டு போயிருச்சா டீச்சர்?" என்றார் அண்ணாச்சி.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அடுக்கிலிருந்து கடை அத்தையின் தொப்பியை எடுத்துப் போட்டார். அது மூக்கையும் மூடி மீசையில் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து, "ஏம்மா, இதுல இன்னொரு ஆளுக்கும் இடமிருக்கு" என்று குரல் வந்தது. முதலில் வாய்விட்டுச் சிரித்தது கடை அத்தைதான். பிறகு எல்லோரும். கண்ணில் தண்ணீர் வர, பவுடர் கையால் துடைத்து, முகமெல்லாம் வெள்ளையாக. டீச்சர் மட்டும் சிரிக்காமல் என் தொப்பியை எடுத்துப் போட்டுவிட்டார். காதை மூடி, புருவத்துக்கு மேலே நின்றது. அண்ணாச்சி தலையை ஆட்டினார், குலுக்கினார், குனிந்து நிமிர்ந்தார். அது அசையவில்லை.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுக்கில் இருந்த இருபத்தொரு தொப்பிகளையும் ஒரு தடவை பார்த்தார். அந்த முகத்தை நான் இப்போதுதான் படிக்கிறேன்: வரிசையில் மறுபடியும் ஆட்கள் நிற்கிறார்கள். பிறகு தன் தொப்பியை மடியில் வைத்து, உச்சி முடிச்சைக் கத்தரிக்கோலால் வெட்டி, நூலின் முனையைப் பிடித்து இழுத்தார். சரசரவென்று வரிவரியாக அவிழ்ந்து வந்தது. சிரிப்பு நின்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தங்கள் தொப்பியை எடுத்தார்கள்.

"எனக்கும் எண்பதா?" என்று டீச்சர் கேட்டார். தலையை நிமிர்த்தவில்லை.

அவர் அவிழ்ப்பதை நிறுத்தச் சொல்லி, மீதமிருந்த துண்டில் ஸ்கேலை வைத்து எண்ணினேன். "இல்ல டீச்சர். உங்க கை இறுக்கம். நீங்க எண்பத்தி நாலு போடணும்."

"என் கை?" என்று கடை அத்தை தன் தொப்பியை நீட்டினார்.

"நீங்க லூசு அத்தை. எழுபத்தாறு."

"பாத்தியளா, என்னப் போயி லூசுங்குதா" என்றார் அவர். அடுத்தவர் துண்டை நீட்டினார். அதற்கடுத்தவர். நான் ஒவ்வொரு மடியாகப் போய் ஸ்கேலை வைத்து எண்ணிச் சொன்னேன். எழுபத்தெட்டு. எண்பது. அம்மாவுக்கு எண்பத்திரண்டு. அம்மா, தன் துண்டை நான் எண்ணுகிறவரை, அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பின்ன வேண்டியது இருபத்தொண்ணு" என்றார் டீச்சர். "பத்துப் பேருக்கு ரெண்டு ரெண்டு, இருபது. மிச்சம் ஒண்ணு." அவர் அறையைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். "நீ இன்னொண்ணு முடிப்பியா?"

"முடிப்பேன் டீச்சர்."

"அப்ப உக்காரு."

புதன்கிழமை மாலை வேன் வந்தபோது இருபத்திரண்டும் இருந்தன. நூல் கொஞ்சம் நெளிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த மாலை எனக்கு அதிகம் நினைவில்லை. நினைவிருப்பது அந்தச் சனிக்கிழமைதான். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் முதல் கண்ணியைப் போட்டு வாய்விட்டு எண்ண ஆரம்பித்தோம். எழுபதுவரை ஒரே குரலாக இருந்தது. எழுபத்தாறில் கடை அத்தை நிறுத்தினார். எழுபத்தெட்டில் இரண்டு பேர். எண்பதில் நானும் இன்னும் சிலரும். எண்பத்திரண்டில் அம்மா. கடைசியில் டீச்சரின் குரல் மட்டும் தனியாக, "எண்பத்தி மூணு, எண்பத்தி நாலு" என்றது. அதுவரை யாரும் முதல் வரியைத் தொடங்கவில்லை. ஊசியைப் பிடித்தபடி அவருக்காகக் காத்திருந்தோம்.